தாவீது சாருக்குத் தொண்டை கட்டிய வாரம்

ஏனாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பதினாறு வருடமாக ஆங்கிலம் நடத்தும் தாவீதுக்கு ஒரே ஒரு மனக்குறைதான். பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. ஒரு கேள்வி கேட்டால் போதும், பி.காம். முதலாண்டின் நாற்பத்திரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்துவிடும். தரையில் கம்மல் திருகாணி விழுந்து அதைத் தேடுவது போல இருக்கும். கடைசியில் பதிலையும் அவரே சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போவார்.

"அதுங்க வாயில பசை ஒட்டிக்கினு வருதுங்கபா," என்று ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் புலம்புவார்.

பிப்ரவரியில் அவர் தொண்டை கம்மியது. முதலில் கரகரத்தது, பிறகு காற்றுதான் வந்தது. "ஒரு வாரம் மூச்சுவிட மட்டும் வாயைத் திறங்க," என்றார் டாக்டர். விடுப்போ பாக்கியில்லை. 'இன்று என்னால் பேச முடியாது. நீங்கள் பேசுங்கள்' என்று கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு தாவீது நாற்காலியில் உட்கார்ந்தார்.

மின்விசிறி மட்டும் பேசியது. ஐந்து நிமிடம் போனது, எட்டு நிமிடமும் போனது. வகுப்பில் இவ்வளவு நேரம் சும்மா இருந்து பழக்கமில்லாத தாவீதுக்கு வியர்த்துவிட்டது.

ஓரிக்கையிலிருந்து வரும் துர்கா எழுந்தாள். அதுவரை 'யெஸ் சார்' தவிர வேறெதுவும் சொல்லாதவள்.

"சார், ஐ ஆம் ஹங்ரி."

வகுப்பே சிரித்தது. பின்வரிசை ஜுனைத் சும்மா இருப்பானா? "வாட் யூ ஈட் மார்னிங்?"

"குடலை இட்லி. ஒன் பீஸ்." மூங்கில் குடலையில் முழ நீளத்துக்கு அவிக்கும் இட்லி அது; ஒன்றே நாலைந்து பேருக்குப் போதும்.

"ஒன் பீஸ் இஸ் வெரி பிக் பீஸ்! யூ ஆர் லையிங்!"

'டிட் யூ ஈட்' என்று திருத்தத் துடித்தார் தாவீது. குரல் எழவில்லை. சாக்பீஸை எடுத்தார். அதற்குள் இன்னொருத்தி எழுந்து இட்லியா பிரியாணியா என்று சண்டையைக் கிளப்பிவிட்டிருந்தாள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். மணி அடிப்பதற்குள் பதினொரு பேர் பேசியிருந்தார்கள். அதில் சரியான வாக்கியம் இரண்டோ மூன்றோதான்.

ஐந்தாம் நாள் முதல்வர், கல்லூரியைச் சோதிக்க வந்த, தமிழ் தெரியாத வடநாட்டு ஆய்வாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு நுழைந்தார். மாணவர்கள் இன்னும் அந்த இட்லிச் சண்டையில் கத்திக்கொண்டிருக்க, ஆசிரியர் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். ஏன் நடத்தவில்லை என்று ஆய்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார். தாவீது வாயைத் திறந்தார். சைக்கிள் டியூப்பிலிருந்து வருவது போலக் காற்று வந்தது.

துர்கா சட்டென்று எழுந்தாள். "சார், ஹிஸ் த்ரோட் இஸ் ஸ்பாயில். பிஃபோர், ஹி ஒன்லி டாக்கிங், வீ ஒன்லி லிசனிங். நவ் காட் இஸ் கிரேட், வீ டாக்கிங்."

முதல்வர் கூரையைப் பார்த்தார். ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அந்த இட்லியைப் பற்றி அரை மணி நேரம் விசாரித்தார்.

வகுப்பு முடிந்ததும் தாவீது ஒரு தாளில் எழுதி துர்காவிடம் நீட்டினார்: 'இத்தனை நாள் ஏன் பேசவில்லை?'

"நீங்க எங்க சார் வுட்டீங்க?" என்றாள் அவள். "கேள்வி கேக்குறீங்க. நான் மனசுக்குள்ள இங்கிலீஷ்ல கோத்துக்கினு இருக்குறேன். முடிக்கிறதுக்குள்ள நீங்களே பதில சொல்லிட்டு போய்க்கினே இருக்குறீங்க. அப்படியே நான் வாயத் தொறந்தாலும், மொத வார்த்தையிலயே திருத்துவீங்க."

தாவீதுக்குச் சுருக்கென்றது. தாளைத் திரும்ப வாங்கி, தன் கேள்வியைத் தானே அடித்தார்.

திங்கட்கிழமை குரல் திரும்பிவிட்டது. ஆனால் இப்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டதும் ஜன்னலோரம் போய், தண்ணீர் பாட்டிலைத் திறந்து, யாராவது பேசும்வரை குடித்துக்கொண்டே நிற்கிறார். தொண்டை நன்றாக இருக்கிறது. இரண்டு வகுப்புக்கு நடுவே கழிப்பறைக்கு ஓடுவதுதான் சிரமம்.