பெரிய கிராணியாரின் சைவ நாய்

1. மண்ணெண்ணெய்ப் பூனை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை ஓர் அம்மாள் கடித்துக் குதறிவிட்டார். நாய் பூனைகளிடம் கடி வாங்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கோலாலம்பூரில் மாட்டு டாக்டர் ஆபீஸில் எனக்கு டிரஸ்ஸர் வேலை, அதாவது மருந்து போட்டுக் கட்டுக் கட்டும் உதவியாள். எங்கள் வெள்ளைக்கார டாக்டர் துரைக்கு மாடுகளோடும் கப்பலில் வந்து இறங்கும் ஆடுகளோடும் மல்லுக்கட்டவே நேரம் போதாது. நாயும் பூனையும் என் தலையில் விழுந்தன. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் என்னை 'நாய் டிரஸ்ஸர்' என்றே கூப்பிட்டார்கள். முதலில் ஆத்திரமாக வந்தது. பிறகு என் மாமனாரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்ததும் விட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் ஒரு பூனையைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். பூனை வாயில் நுரை, நிற்க முடியாத தள்ளாட்டம். சாக்கைத் திறந்ததும் ஆபீஸ் முழுக்க மண்ணெண்ணெய் வாடை.

"பேனுக்கு மண்ணெண்ணெய் தடவினீங்களாம்மா?"

"ஒண்ணும் தடவலியே."

"வாடை வருதே."

"வீட்டு வெளக்கு வாடை. அது வெளக்குப் பக்கத்துலதான் படுக்கும்."

"அம்மா, பூனை ஒடம்ப நக்கும். நக்குனா உள்ள போயிடும். தடவியிருந்தா சொல்லிடுங்க."

"ஏன்டாப்பா, வேலைக்கு வந்த அன்னிக்கே என்னைப் பொய்க்காரிங்கிறியா? எம் புருசன் யாருன்னு தெரியுமா?" என்று தொடங்கி, என் ஊர், என் படிப்பு, என் மீசை எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்தார். அவர் திட்டி முடிப்பதற்குள் நான் பூனையை வெந்நீரும் சவுக்காரமும் போட்டுக் கழுவி, துணியில் சுற்றி வைத்துவிட்டேன். பூனை பிழைத்துக்கொண்டது. போகும்போது அந்த அம்மாள், "கொஞ்சூண்டுதான் தடவினேன்" என்றார்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உண்ணி, சொறி, குடல் புழு, காதுச் சீழ் இவற்றுக்கெல்லாம் அலமாரியில் மருந்து இருக்கிறது. வீட்டுக்காரர் வாயிலிருந்து உண்மையை வரவழைக்க மருந்து இல்லை. நாய் உருண்டு திரண்டு பீப்பாய் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். "ஒரு கைப்பிடி சோறுதான் போடுறோம்" என்பார்கள். விசாரித்தால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு கைப்பிடி, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போட்டுக்கொண்டிருப்பார்கள். சொறிக்குக் கந்தகமும் தேங்காய் எண்ணெயும் குழைத்துக் கொடுத்து, தினமும் தடவச் சொல்லி அனுப்புவேன். "தடவினோமே, கேக்கல" என்று திரும்பி வருவார்கள். எப்போது தடவினீர்கள் என்றால், "தீபாவளிக்கு" என்பார்கள்.

2. தயிர்சாதம் தின்னும் பைரவன்

இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் வைத்திலிங்கம். ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. நெற்றி நிறைய திருநீறு, கையில் எப்போதும் கறுப்புக் குடை. மரக்கறிச் சங்கத்தின் காரியதரிசி. சங்கத்தில் சேர்ந்தவர்கள் மீன், மாமிசம், முட்டை எதையும் தொடக்கூடாது, வீட்டுக்குள்ளும் விடக்கூடாது. ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்தச் சங்கத்துக்குப் பெரிய மதிப்பு.

அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார். துணைக்கு ஒரு நாய். பெயர் பைரவன். கரேலென்று, எண்ணெய் பூசியது போல மினுமினுக்கும் ரோமம்.

முதல் தடவை காதுச் சீழுக்காகக் கொண்டுவந்தார். வழக்கம் போலக் கேட்டேன்.

"என்ன ஆகாரம் குடுக்குறீங்கய்யா?"

"தயிர்சாதம். வெள்ளிக்கெழமை சுண்டல். கார்த்திகைன்னா பாயசம்."

"கறி, மீனு?"

"சிவ சிவா! டிரஸ்ஸர் தம்பி, பைரவன் பொறந்ததுலேருந்து மாமிசம் மோந்துகூடப் பாத்ததில்ல."

நான் பைரவனைப் பார்த்தேன். பைரவன் என்னைப் பார்த்தான். தயிர்சாதத்தில் வளர்ந்த நாய்கள் சிலவற்றை எனக்குத் தெரியும். ரோமம் உதிர்ந்து, விலா எலும்பை எண்ணிவிடலாம் போல் இருக்கும். இவனோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தான். எனக்கென்ன வந்தது, காதைச் சுத்தம் செய்து மருந்து விட்டு அனுப்பிவிட்டேன்.

சங்கத்தின் தலைவர் துணிக்கடை நமசிவாயம் இன்னும் ஒரு படி மேல். அவர் வீட்டில் வெள்ளச்சி என்று ஒரு பூனை. சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு அதைக் கொண்டுவந்தார். ஒரே வாந்தி. "பால்சாதமும் பருப்பு நெய்யும்தான் தம்பி குடுக்குறோம்" என்றார். பூனைக்கு மீனோ இறைச்சியோ இல்லாவிட்டால் உடம்பு நிற்காது, ஐயா என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. வாயைத் திறந்து பார்க்கப் போனேன். வெள்ளச்சி என் வலது புறங்கையில் நீளமாக ஒரு கோடு போட்டுவிட்டாள். இந்தக் கீறலை மறந்துவிடாதீர்கள்.

அந்த நாட்களில் ஊரில் வெறிநாய்ப் பயம் இருந்தது. நாய்க்கு வெறி என்று சந்தேகம் வந்தாலே சுட்டுவிடலாம் என்று உத்தரவு. அதற்கென்று பிரிக்பீல்ட்ஸ் பக்கம் துப்பாக்கியோடு ஒரு சீக்கியர் சுற்றிக்கொண்டிருப்பார். சீக்கியர்களை அங்கே எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். நாயைச் சுட்ட அன்று சாப்பிடமாட்டார். ஆனால் உத்தரவு என்றால் உத்தரவுதான்.

3. ஆண்டு விழா

சங்கத்து விழா, பள்ளிக்கூடத்து முற்றத்தில். சாப்பாட்டுக்குப் பேர் போன விழா. நானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். வடை மணம் வந்துகொண்டிருந்தது.

அந்த வருஷத்து விசேஷம் பைரவன். அவன் எதிரில் இரண்டு தட்டு வைப்பது, ஒன்றில் தயிர்சாதம், ஒன்றில் சுட்ட கருவாடு. பைரவன் கருவாட்டைத் திரும்பிப் பார்க்காமல் தயிர்சாதத்தைத் தின்பான். சபையோர் கண்டு தெளிவார்கள். இது பெரிய கிராணியாரின் யோசனை. கருவாட்டைத் தொட சங்கத்தில் ஆள் கிடைக்காமல், எதிர்க்கடைச் சீனரை அழைத்து வைக்கச் சொன்னார்கள். அவர் இடுக்கியால் எடுத்து வைத்துவிட்டு, என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று இடுக்கியோடு அங்கேயே நின்றுகொண்டார்.

பெரிய கிராணியார் மேடை ஏறினார். "சபையோர்களே! காலையிலேருந்து இவனுக்கு ஒரு பருக்கைகூடக் குடுக்கல. பசியோட நிக்கிறான். இப்பப் பாருங்க!" என்றார்.

பைரவனைக் கொண்டுவந்து விட்டார்கள். அவன் தயிர்சாதத்தையும் பார்க்கவில்லை, கருவாட்டையும் பார்க்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றான். கீழ்த்தாடை தொங்குகிறது. எச்சில் கயிறு கயிறாக வழிகிறது. முன்காலால் முகத்தைப் பிறாண்டுகிறான். 'ஙே' என்று ஒரு சத்தம்.

"வெறி நாய்!" என்று எவனோ கத்தினான்.

அவ்வளவுதான். பெஞ்சுக்கு மேலே பத்துப் பேர், ஜன்னலில் நாலு பேர். வடை சுட்டுக்கொண்டிருந்தவர் சட்டுவத்தோடு மாமரத்தில் ஏறிவிட்டார். தலைவர் நமசிவாயம் மேடையில் இருந்த மேசைமேல் நின்றார். பைரவன் பக்கத்தில் நின்றது பெரிய கிராணியார் ஒருவர்தான். "பைரவா, என்னய்யா ஆச்சு, பைரவா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

யாரோ ஓடிப்போய் பாயை அழைத்து வந்துவிட்டார்கள். அவர் ஒரு பார்வைதான் பார்த்தார். "அஞ்சிங் கீலா" என்றார், பைத்தியம் பிடித்த நாய் என்று மலாயில். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்.

"பாய், கொஞ்சம் இருங்க லா" என்று நான் முன்னால் போனேன். போனேனே தவிர, நாய்மேல் கை வைக்கவில்லை. வெறி வந்த நாய்க்குத் தாடை தொங்கும், எச்சில் வழியும், விழுங்க முடியாது. மேல் பல் வரிசையில் குறுக்கே எலும்பு சிக்கிக்கொண்ட நாய்க்கும் அச்சு அசல் அப்படியேதான். வெளியே நின்று பார்த்து எங்கள் துரையாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எலும்பு என்று நினைத்துக் கையை விட்டுச் செத்துப்போனவர்கள் கதையைத் துரை எனக்கு நிறையச் சொல்லியிருக்கிறார். வெறிநாயின் எச்சில் ஒரு சின்னக் கீறலில் பட்டால் போதும். என் வலது கையில் வெள்ளச்சி போட்ட கோடு இன்னும் ஆறவில்லை.

பெரிய கிராணியாரின் காதோரம் போனேன். "ஐயா, இவன் எலும்பு கடிச்சிருக்க வழி உண்டா?"

"என்ன கேள்வி கேக்குற?" என்று அவர் சத்தம் போட்டார். "சங்கத்து மேடையில நின்னுக்கிட்டு எலும்புன்னு பேசுற!"

"காலையில ஏதாவது சாப்புட்டானா? நல்லா சாப்புட்ட நாய்க்கு மத்தியானத்துக்குள்ள வெறியில தாடை தொங்காது. அதனாலதான் கேக்குறேன்."

"அதான் மைக்கு இல்லாமலே அத்தன பேருக்கும் சொன்னேனே! ஒரு பருக்கை குடுக்கல!"

"அப்படின்னா என்னால கை வைக்க முடியாதுய்யா. என் கையப் பாருங்க. எனக்கும் பொஞ்சாதி புள்ளைங்க இருக்கு."

நான் பின்னால் வந்துவிட்டேன். எனக்கு அழுகையே வந்தது. என்ன செய்ய? பாய் எல்லோரையும் ஒதுங்கச் சொல்லித் துப்பாக்கியைத் தூக்கினார். பெரிய கிராணியாரைக் கையைப் பிடித்து விலக்கினார்கள். எசமான் தன்னை விட்டுப் போகிறாரே என்று பைரவன் அந்த நிலையிலும் வாலை ஆட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போனான்.

"நிறுத்து! சுடாத!"

பெரிய கிராணியார் துப்பாக்கிக்கும் நாய்க்கும் நடுவில் மண்டியிட்டிருந்தார். குடை எங்கோ விழுந்து கிடந்தது.

"எலும்புதான்! ஆட்டு எலும்பு! இன்னிக்குக் காலையில நான்தான் குடுத்தேன்!"

பாய் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"வயிறு முட்டக் கறி தின்னுட்டா மேடையில கருவாட்டத் திரும்பிப் பாக்கமாட்டான்னு குடுத்தேன். தயிர்சாதம் அவனுக்கு எப்பவுமே புடிக்கும், அது சத்தியம். தம்பி, போன வருசம் இவன் சோறு தண்ணி எடுக்காமக் கெடந்தான். கறி குடுத்தேன், எழுந்து உக்காந்தான். அப்புறம் எப்படிய்யா நிறுத்துறது? சனிக்கெழம சனிக்கெழம நானே போயி வாங்குறேன். என்னை என்ன வேணா பண்ணுங்க. இவனச் சுட்டுடாதீங்க." சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார்.

எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? துணியைக் கையில் தடிமனாகச் சுற்றிக்கொண்டேன். பந்தியிலிருந்து சாம்பார்க் கரண்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதன் காம்பைக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே கொடுத்து, தாடை மூடாமல் பார்த்துக்கொண்டேன். சீனர் இடுக்கியை நீட்டினார். குனிந்து பார்த்தால், மேல் அண்ணத்தில் இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் குறுக்கே, பாலம் போட்ட மாதிரி விலா எலும்புத் துண்டு! ஒரு அமுக்கு, ஒரு திருப்பு. 'டொக்'கென்று வெளியே வந்து விழுந்தது.

பைரவன் வாயை மூடினான். திறந்தான். மறுபடி மூடிப் பார்த்தான். பிறகு நேரே மேடைக்குப் போய்க் கருவாட்டைத் தின்றான். பெரிய கிராணியார் சொன்னது பொய்யில்லை, தயிர்சாதத்தையும் தின்றான். பக்கத்தில் இருந்த தண்ணீரை மளமளவென்று குடித்தான்.

"தண்ணி குடிக்குது. கீலா இல்ல" என்று பாய் துப்பாக்கியைத் தோளில் மாட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "டிரஸ்ஸர், சாப்பாடு எப்போ?" என்று கேட்டார்.

ஆனால் சபை அடங்கவில்லை. காரியதரிசியே கறி வாங்குவதா, நீக்கு அவரை என்று நாலு பக்கமும் சத்தம். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். நமசிவாயம் மேசையிலிருந்து இறங்கி, துண்டைச் சரிசெய்துகொண்டு, நீதிபதி மாதிரி முன்னால் வந்தார். பெரிய கிராணியார் நாயைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"கிராணியாரே, ஒரே ஒரு கேள்வி. எந்தக் கடையில வாங்குனீங்க?"

"பிரிக்பீல்ட்ஸ்ல வாங்குனா தெரிஞ்சுபோயிடுமேன்னு ரயிலேறிப் போயி, சாலாக் செலாத்தான் ஊரு பாசார்லங்க."

தலைவர் முகம் மலர்ந்தது. "அட! சனிக்கெழம சனிக்கெழம கறிக்கடை வாசல்ல கறுப்புக் குடைக்குள்ள மூஞ்ச ஒளிச்சுக்கிட்டு நின்ன ஆளு நீங்கதானா! யாருடா இதுன்னு எத்தன வாரமா நான் மண்டைய ஓடச்சிக்கிட்டு..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஆனால் நேரம் கடந்துவிட்டது. பெரிய கிராணியார் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார்.

"நீங்க அங்க எதுக்குத் தலைவரய்யா வந்தீங்க?"

தலைவர் துண்டை மறுபடி சரிசெய்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் சம்சாரம்தான் காப்பாற்றினார். "வெள்ளச்சிக்கு நெத்திலி வாங்கத்தான்! அதுக்கென்ன இப்போ? பூனை என்ன தேவாரமா பாடும்? எல ஆறுது, உக்காருங்க எல்லாரும்!"

மாமரத்தில் இருந்தவர்தான் முதலில் சிரித்தார். சிரித்த வேகத்தில் சட்டுவம் கீழே விழுந்தது. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. பெரிய கிராணியாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவரை யாரும் நீக்கவில்லை. வீட்டுக்குள் மாமிசம் கூடாது என்ற விதி இரண்டு கால் உள்ளவர்களுக்கு மட்டும் என்று பந்தியிலேயே தீர்மானம் ஆனது. கோழிக்கும் இரண்டு காலாச்சே என்று ஒருவர் கேட்டார். அவருக்கு இன்னொரு வடை போட்டு உட்கார வைத்தார்கள்.

எலும்பு கிடைத்தாலும், வெறி இல்லை என்று உறுதியாகும்வரை பைரவனை எங்கள் ஆபீஸ் கூண்டில் வைத்துப் பார்த்தோம். வெறிநாய் விஷயத்தில் அந்த ஒழுங்கைச் சிரிப்புக்காக விட்டுவிடக் கூடாது, தம்பிகளே. தினமும் சாயங்காலம் பெரிய கிராணியார் தூக்குச் சட்டியோடு வருவார். ஆட்டுக்கறி, எலும்பில்லாமல். வழியில் யார் பார்த்தாலும் குடையை விரிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆபீஸ் கதவைத் திறந்தால் வாசலில் சங்கத்து ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். கையில் நாய், கூடையில் பூனை. ஒவ்வொருவராக உள்ளே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, என் காதில் ரகசியமாக மத்தி என்றார்கள், முட்டை என்றார்கள், நெத்திலிச் சம்பல் என்றார்கள். நான் மருந்து கொடுக்காமலே அன்றைக்குப் பாதி வியாதி தீர்ந்துபோனது.

நான் கற்றுக்கொண்டது இதுதான். மிருகத்தைத் தொடுவதற்கு முன்னால் வீட்டுக்காரரின் பயத்தைப் போக்க வேண்டும். அன்றிலிருந்து வேலையை விடும் நாள்வரை, எந்த நாய் வந்தாலும் எந்தப் பூனை வந்தாலும் என் முதல் பேச்சு ஒன்றுதான்: "என்ன போடுறீங்கன்னு தைரியமாச் சொல்லுங்க. நான் சங்கத்துல இல்ல."