மரங்கொத்தியும் பச்சை வண்டும்

புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் இருவர் இருவராகச் சேர்ந்து இரண்டு உயிரினங்களை ஒப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். எனக்குத் துணையாக வந்தவர் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா. எனக்குப் பறவைகள் என்றால் பைத்தியம், மரங்கொத்தி என்றேன். அவரோ போனில் ஒரு படத்தைக் காட்டினார். பச்சையாக மின்னும் ஒரு வண்டு.

"பொன்வண்டுக் குடும்பமாம், பிள்ளை. எவ்வளவு வடிவு!"

"வடிவுதான் அக்கா. ஆனா இஞ்சை நிக்கிற ஆஷ் மரங்களைச் சாக்காட்டுறது உதுதான்."

வகைப்பாடு சுலபமாக முடிந்தது. ஒன்று முதுகெலும்புள்ள பறவை. மற்றது ஆறு கால் பூச்சி, சிறகைக் கெட்டியான உறைக்குள் மடித்து வைப்பது. வாழிடத்தில்தான் சிக்கினோம். இரண்டுக்கும் 'மரம்' என்று எழுதினால் ஆசிரியை விடுவாரா?

"நேரை போய்ப் பார்ப்பம்" என்றார் அக்கா.

மார்ச் மாதம். நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் என் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் பனி இன்னும் கணுக்கால் புதையக் கிடந்தது. ஓர் ஆஷ் மரத்தின் பட்டை அங்கங்கே உரிந்து வெளிறித் தெரிந்தது. மேலே டக், டக், டக் என்று சத்தம். அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். கறுப்பும் வெள்ளையுமாக, பிடரியில் சிவப்புப் பொட்டுடன் சின்ன மரங்கொத்தி! கொத்தியது, தலையைச் சாய்த்தது, மறுபடி கொத்தியது. அலகை இழுத்தபோது அதில் வெள்ளைப் புழு ஒன்று நெளிந்தது.

"ஐயோ, அது என்ரை வண்டின்ரை பிள்ளையெல்லோ!"

அக்கா போட்ட சத்தத்தில் பறவை பறந்துவிட்டது. கண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

வகுப்பில் எங்கள் முறை வந்தது. வார்த்தைகள் முண்டியடித்து வந்தன, நடுவே தமிழும் வந்தது. பறவைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றதும் ஒருவர் கேட்டார்: "அப்படியானால் வண்டு?"

அக்கா தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சில் சொன்னார்: "அது பிறந்த ஆசியாவில் மரங்கள் அதைத் தாங்கும். அங்கே இருக்கட்டும். அறியாமல் இங்கே கொண்டுவந்தது மனிதர்தான். இங்கே காக்க வேண்டியது மரத்தை."

ஆசிரியை குளிர் அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "எங்கே அந்த மரம்?"

வகுப்பே கிளம்பியது. பறவை வரவில்லை. வண்டு வெளியேறிய சின்னத் துளை ஒன்றை அக்கா கண்டுபிடித்து விரலால் காட்டினார். ஒவ்வொருவராக வந்து அதற்குள் எட்டிப் பார்த்தார்கள்.