மல்சுன் ஸ்டூடியோவின் நடு இடம்

எங்கள் முக்ஹோ துறைமுகத்தில் ஒரு குடும்பம் நல்லபடியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஜோசியரிடம் போக வேண்டியதில்லை. மல்சுன் அக்காவின் ஸ்டூடியோ ஜன்னலைப் பார்த்தால் போதும். கண்ணாடிக்குப் பின்னால், நடு இடத்தில் தொங்குகிற பெரிய படம் யாருடையதோ, அந்த வருஷம் ஊர் அவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே குனிந்து வணக்கம் சொல்லும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அந்தப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை எடுப்பார்கள்.

அடுத்த கடை என்னுடையது. பெண்களுக்கு முடி சுருட்டி விடுவேன், ஆண்கள் வந்தால் வெட்டியும் விடுவேன். இரண்டு கடைக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் அக்கா “கொஞ்சம் சிரிங்க” என்றால் இந்தப் பக்கம் என் நாற்காலியில் இருப்பவள் சிரித்துவிடுவாள். ஆகவே அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. பெருமையாகத்தான் பேசுவேன். பிடிக்காதவர்கள் வேறு கடையில் போய் முடி வெட்டிக்கொள்ளலாம்.

அவள் இந்தக் கடையை எடுத்தபோது ஜன்னலில் தலைநகர் சியோலின் அழகிகள் படங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் எல்லா ஸ்டூடியோவிலும் அப்படித்தான். யாரோ எடுத்த படம், எவரோ ஒருத்தி. அக்கா முதல் நாளே எல்லாவற்றையும் கழற்றித் தரையில் அடுக்கினாள்.

“இவளுங்க யாரு கும்ரே? இவளுங்க வீட்டுலேர்ந்து யாராவது நம்ம கடைக்கு வரப்போறாங்களா?” என்று என்னைக் கேட்டாள்.

நேராக மீன் சந்தைக்குப் போய், அங்கே இருப்பதிலேயே பெரிய வாய்க்காரியை ரப்பர் பூட்ஸோடு இழுத்துவந்தாள். நான் முடி சுருட்டிவிட்டேன். அந்தப் பூட்ஸோடேயே படம் பிடித்து ஜன்னலில் மாட்டினாள். மறுநாள் சந்தையே வந்து நின்றது. அவளே இவ்வளவு நன்றாக இருந்தால் நான் எப்படி இருப்பேன் என்று ஒவ்வொருத்திக்கும் தோன்றியிருக்கிறது. அவ்வளவுதான் விளம்பரம். “முடி அங்கே, முகம் இங்கே” என்று ஒரு பலகையும் எழுதி மாட்டினோம். யோசனை என்னுடையது. அவள் இல்லை என்பாள், நம்பாதீர்கள்.

ஆரம்பத்தில் ஒரே ஒரு சறுக்கல். படகுக்காரர் ஒருவருக்கு உதட்டுக்குக் கீழே மச்சம். படம் பளிச்சென்று வரட்டும் என்று அக்கா அதைக் கேட்காமல் அழித்துவிட்டாள். அந்த மச்சம் இருந்தால் சோற்றுக்குக் குறைவிருக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தப் பருவம் பார்த்து அவர் வலை வெறுமையாக வந்தது. “என் சோத்துல கை வச்சிட்டா” என்று கடை வாசலில் நின்று கத்தினார். மச்சத்தோடு புதுப் படம் போட்டுக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு சட்டம்: முகம் யாருதோ, முடிவும் அவங்களுது. சுருக்கமோ பருவோ, கேட்காமல் எதையும் தொடமாட்டாள்.

நடு இடத்தில் ஒரு படம் ஒரு வருஷம்தான் இருக்கும். புத்தாண்டுக்குப் பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்புவார்கள், பண்டிகை உடை போட்டுக் குடும்பப் படம் எடுப்பார்கள், அதில் ஒன்று மாறும். பியோ அம்மாள் வீட்டுப் படம் மட்டும் மாறாமல் மூன்று வருஷம் தொங்கியது. பியோ அம்மாள் கல்யாண மண்டபத்தின் சொந்தக்காரி. கல்யாணம், குழந்தைகளின் முதல் பிறந்தநாள், எழுபதாம் ஆண்டு விருந்து என்று மண்டபத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் அக்காதான் படம். கடையின் பாதிப் பிழைப்பு அது. “என்னக்கா, படத்துல ஆணி துருப்பிடிச்சிடுச்சா, கழற்ற வரலையா?” என்று நான் குத்துவேன். அவள் காதில் விழாத மாதிரி லென்ஸைத் துடைப்பாள்.

அந்தப் படத்தில் பதினோரு பேர். ஓரத்தில் மருமகள் போரா, தன் மகள் தாவுன் தோளில் கை வைத்து நிற்பாள். போன வருஷம் மகன்காரன் வேறொருத்தியோடு சியோலுக்குப் போனான். விவாகரத்து ஆனது. போரா குழந்தையோடு வெளியே வந்து சந்தையில் ஒரு கணவாய்க் கருவாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதன் பிறகு அவள் எங்கள் தெரு வழியாக நடக்கவில்லை. ஜன்னலைப் பார்க்க வேண்டாம் என்று பின் சந்தில் சுற்றிப் போவாள்.

புத்தாண்டுக்கு முந்தைய வாரம் பியோ அம்மாள் ஸ்டூடியோவுக்கு வந்தார். நான் காபியோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். என்னைத் தூசி மாதிரி பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

“மல்சுன், அந்தப் படத்துல ஒரு சின்ன வேலை. ஓரத்துல நிக்கிறாளே, அவளை அழிச்சிடு. அங்க ஒரு பூச்சாடி வச்சிடு. சொந்தக்காரங்க எல்லாம் வர்ற நேரம்.”

“பக்கத்துல குழந்தை இருக்கேம்மா.”

“குழந்தை இருக்கட்டும். அது எங்க ரத்தம்.”

“அது தோள்ல அவ கை இருக்கு.”

“கையையும் அழிச்சிடு. எத்தனை பேர் தொப்பையை அழிச்சிருக்கே, ஒரு கை பெரிய விஷயமா?”

“தொப்பைக்காரர் கேட்டாரு, அழிச்சேன்” என்றாள் அக்கா. “போரா வந்து கேட்கட்டும்.”

பியோ அம்மாள் கைப்பையை மூடினார். “மண்டப வேலை உனக்கு வேணுமா வேண்டாமான்னு யோசிச்சு சொல்லு. புத்தாண்டுக்குள்ள.”

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். “பூச்சாடியை வச்சுத் தொலையேன். அரை மணி நேர வேலை. கடையை மூடிட்டு என் கடையில வந்து தரை பெருக்கப் போறியா?”

“அந்தக் குழந்தை தினமும் மத்த பிள்ளைகளோட பாலர் பள்ளிக்கு இந்த வழியாத்தான் போகுது கும்ரே. தன் தோள்ல யாரு கை இருந்ததுன்னு அதுக்குத் தெரியாதா?”

நான் ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு என் கடைக்குத் திரும்பினேன்.

இந்த ஊரில் பேச்சு ஓரிடத்தில் நிற்காது. நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். மறுநாள் மத்தியானமே போரா வந்து நின்றாள், கணவாய் வாடையோடு, கையுறையைக்கூடக் கழற்றாமல்.

“அக்கா, என்னை அழிச்சிடு. நானே சொல்றேன். என் முகம், என் முடிவு. என்னால உன் பிழைப்பு போக வேண்டாம்.”

அக்கா போட்ட சட்டமே அக்காவைப் பிடித்துக்கொண்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தாள். போராவின் முகம் திரை முழுக்க வரும்வரை பெரிதாக்கினாள். அப்புறம் நாற்காலியைத் திருப்பினாள்.

“சரி, அழிக்கிறேன். அதுக்கு முன்னாடி உன்னையும் தாவுனையும் ஒரு படம் பிடிக்கிறேன். அதைப் பாத்துட்டும் நீ இதையே சொன்னேன்னா, உன் கண் முன்னாடியே அழிச்சிடறேன்.”

சாயங்காலம் போரா தாவுனைக் கூட்டிக்கொண்டு வந்ததும், அக்கா முடிக்கு என்னை ஏவினாள். காசு வாங்காமல் செய்தேன், முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். போரா தன் நீல ஸ்வெட்டரோடு பெஞ்சின் ஒரு நுனியில் போய் உட்கார்ந்தாள், இன்னும் பத்துப் பேருக்கு இடம் விடுகிறவள் மாதிரி.

“நடுவுல உட்காரு” என்றாள் அக்கா.

“பரவாயில்லக்கா.”

“நடுவுல உட்காருடி. வேற யாரும் வர வேண்டியதில்லை. எல்லாரும் வந்தாச்சு.”

போரா நகர்ந்து நடுவில் உட்கார்ந்தாள். தாவுன் பின்னால் ஒரு முக்காலி மேல் ஏறி நின்றது. யாரும் சொல்லவில்லை, அதுவாகவே தன் கையை எடுத்து அம்மாவின் தோளில் வைத்தது. ஜன்னல் படத்தில் தினமும் பார்த்துப் பழகியதுதானே. போரா அழவில்லை, சிரித்தாள். நான்தான் சீப்பைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அக்கா இரண்டு படங்களையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்தாள். “இப்ப சொல்லு.”

போரா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “அழிக்க வேண்டாம். அதுல நான் இருந்தது நிஜந்தானே. அது அவங்க படம், முழுசா அவங்களே வச்சுக்கட்டும்.”

“இது?”

“இதை எங்க வேணா மாட்டிக்கோ.”

பதினோரு பேர் படம் ஒரு கீறல் இல்லாமல் இறங்கி, பொட்டலமாகி, பியோ வீட்டுக்குப் போனது. அந்த ஆணியில் இரண்டு பேர் படம் ஏறியது.

மண்டபத்துக்கு நகரத்திலிருந்து வேறு ஸ்டூடியோ வந்தது. சனிக்கிழமை கல்யாணத்தில் அவர்கள் டிரோன் பறக்கவிட்டார்கள். அது எங்கள் கூரைக்கு மேலாக ரீங்காரமிட்டுப் போனபோது அக்கா ஏற்கெனவே துடைத்த லென்ஸை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பயந்தாளா தெரியாது. நான் பயந்தேன். என்னிடம் முடி வெட்ட வந்த ஒருவர், “நடு இடத்துல ரெண்டே பேரா? மீதிப் பேர் கக்கூஸுக்குப் போயிருக்காங்களா?” என்று கேட்டார். அவருக்கு அன்றைக்குக் காது ஓரத்தில் கொஞ்சம் அதிகமாகவே முடி போனது.

புத்தாண்டு வந்தது. முதலில் வந்தது ஒரு படகு கேப்டன், மனைவியை இழந்தவர், தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு. உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றார்.

“ரெண்டு பேருக்கும் எடுப்பீங்களா?”

“ஜன்னலைப் பாத்துட்டுத்தானே வந்தீங்க” என்றாள் அக்கா.

அவர்களுக்குப் பின்னால், கல்யாணம் செய்துகொள்ளாமல் நெத்திலிக் கடை நடத்தும் அக்கா தங்கை இருவர். பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் ஒண்டிக்கட்டை ஒருவன் நாயோடு வந்தான். “வீட்டுல நானும் இவனும்தான்” என்றான். நாய்க்கும் நான்தான் முடி வாரினேன். வருஷா வருஷம் இந்த ஜன்னலைத் தாண்டிப் போகும்போது, குடும்பப் படம் நமக்கில்லை என்று நினைத்துக்கொண்டு போனவர்கள் எல்லாரும் வந்தார்கள். வரிசை என் கடை வாசலையும் மறைத்தது.

“ஊர்ல இத்தனை சின்னக் குடும்பம் இருக்குன்னு எனக்கே தெரியாது” என்றாள் அக்கா. “இத்தனை வருஷமா கடையோட பாதிக் கதவைச் சாத்தியே வச்சிருந்திருக்கேன்.”

சிலருக்கு வியாபாரம் தெரியும், சிலருக்கு மனுஷர்களைத் தெரியும். என் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு இரண்டும் தெரியும். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

மார்ச்சில் பள்ளிக்கூடம் திறந்தது. தாவுன் முதல் வகுப்புக்குப் போன அன்று பியோ அம்மாள் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். நான் ஒரு தலைக்குச் சாயம் பூசி முடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் உள்ளே போனார். நான் சுவரில் காது வைக்கவில்லை, வாசலுக்கே போய்விட்டேன்.

“அந்தப் படத்துல ஒரு பிரதி வேணும்.”

அக்கா எழுந்து நின்று மரியாதையாகத்தான் சொன்னாள். “முகம் யாருதோ அவங்களைக் கேளுங்கம்மா. அவ சரின்னா இன்னைக்கே போட்டுத் தரேன்.”

பியோ அம்மாள் முகம் சிவந்தது. ஆனாலும் கிளம்பிச் சந்தைப் பக்கம் நடந்தார். எனக்கும் திடீரென்று கணவாய்க் கருவாடு தேவைப்பட்டது.

போரா கணவாயைத் தணலில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் இடுக்கியைக் கீழே வைத்தாள்.

“பேத்தி படம் ஒண்ணு வேணும்” என்றார் பியோ அம்மாள். “உன்னைக் கேட்கச் சொன்னா.”

“அதுல பேத்தி மட்டும் இல்லையே அத்தை. நானும் இருக்கேன். பூச்சாடி வைக்கணுமா?”

பியோ அம்மாள் தணலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வேண்டாம்” என்றார். “அப்படியே இருக்கட்டும்.”

போரா இடுக்கியை மறுபடி எடுத்தாள். “அப்ப நான் சரின்னு சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லுங்க.”

பியோ அம்மாள் ஸ்டூடியோ வரைக்கும் திரும்பி நடந்து வந்து, அதைச் சொன்னார்.