கழுவி வைத்த டப்பாக்கள்

காலையில் மைசூர் மண்டி மொஹல்லாவில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். போனில் ஒரு படம் வந்தது. மகள் நான்சி ராஜஸ்தானில் தோழிகளோடு காரில் சுற்றுகிறாள். மணல்மேட்டில் நின்று பல்லைக் காட்டுகிறாள். சுற்றிலும் ஆட்டோ ஹாரன், மீன் கவிச்சி, ஈரத்தரை. எனக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சிரிக்காதீர்கள், மணலைப் படத்தில் பார்த்தாலே எனக்கு இன்னமும் தாகமெடுக்கும்.

வளைகுடாவில் நான் நர்ஸாக இருந்த காலம் அது. நான்சிக்கு நாலு வயது. ஒரு வெள்ளிக்கிழமை லீவில் என் வீட்டுக்காரர் ஜெயராஜ், நண்பரின் காரை இரவல் வாங்கிப் பாலைவனம் காட்டக் கிளம்பினார். ஒரு கோட்டையைப் பார்த்தோம். ஒட்டகத்தோடு படம் எடுத்துக்கொண்டோம், படத்தில் அதுதான் அழகாக இருந்தது. கடைசியாக, மணல் பாதி விழுங்கிய ஒரு பழைய கிராமம். தார்ச்சாலையை விட்டு வெகுதூரம் உள்ளே. ஆளில்லாத வீட்டுச் சுவர் நிழலில் புளியோகரையும் கோழி வறுவலும் சாப்பிட்டோம்.

அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிற்று. எச்சில் டப்பாவைக் கழுவாமல் பைக்குள் வைப்பது எங்கள் வீட்டில் கிடையாது. அணைக்கட்டுக்குப் பிக்னிக் போனாலும் கழுவித்தான் எடுத்துவருவோம். கை தானாகக் குடிதண்ணீர்க் கேனைச் சாய்த்தது. மூன்று டப்பா, மூன்று தட்டு, எங்கள் கைகள், பிள்ளையின் வாய். சோப்பு இல்லையே என்று குறை வேறு.

திரும்பும் வழியில் கார் மணலில் புதைந்தது. அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. போனில் சிக்னல் இல்லை.

"கேன் எங்கம்மா?"

"டப்பா கழுவிட்டேங்க."

நான்சியின் பாட்டிலில் பாதி இருந்தது. அவ்வளவுதான். பயம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வாயில் வரும். "ஏனில்லா, ஏனில்லா" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லை என்று ஒரு மனிதர் இருபது முறை சொன்னால் என்ன அர்த்தம்?

மூன்று மணிக்கு இன்ஜின் சூடேறி ஏசியும் நின்றது. பாட்டிலை அவரிடம் நீட்டினேன். அண்ணாந்து வாயில் வைத்தார், தொண்டை அசையவில்லை. "குடிங்க" என்றேன். "குடிச்சிட்டேன், சும்னே இரு" என்றார். நாலு மணிக்கு அதுவும் தீர்ந்தது. நான்சி அழுதாள். கண்ணீர் வரவில்லை. உடம்பில் நீர் வற்றுகிறது என்று நர்ஸுக்குத் தெரியும். அவள் புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டேன், மடிப்பு அப்படியே நின்றது. ஏசுவே, என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவும் பயம்.

ஐந்து மணி வாக்கில் ஆடு ஏற்றிய பிக்கப் வண்டியில் ஒரு பெரியவர் வந்தார். முதலில் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு எங்கள் டயர்களில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டு, பலகை போட்டு, பத்தே நிமிடத்தில் வண்டியை வெளியே எடுத்தார்.

வீடு வரும்வரை திட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. அடுத்த லீவில் மைசூர் வந்தபோது, அவர் அம்மா வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் கதை சொன்னார். "கேன் மூடி சரியில்ல, வழியெல்லாம் ஒழுகிடுச்சு. நான்தான் பார்த்து வாங்கல." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியார் அவரைப் பிடித்துக்கொண்டார்: "ஒரு கேன் பார்த்து வாங்கத் துப்பில்ல, பிள்ளைய வேற கூட்டிட்டுப் போனியா?" அவர் தலையைச் சொறிந்தபடி சிரித்தார்.

அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இந்தக் கதை, அதே திட்டு, அதே சிரிப்பு. நான்சியும் அதைத்தான் நம்புகிறாள்.

போன வருடம் அவர் போய்விட்டார். நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்த நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாவம் எங்கண்ணன், ஒரு கேன்கூடப் பார்த்து வாங்கத் தெரியாது" என்றாள். எல்லோரும் அழுகையோடு சிரித்தார்கள். நான்சியும் சிரித்தாள். நிஜத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த நாலு மணிப் பயம் அப்படியே திரும்பி வந்தது, காபி கலக்க உள்ளே போய்விட்டேன்.

இது தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருத்திதான்.