சீர்த்தட்டுக்குச் சிறுத்த லேப்டாப்

அந்தப் பங்குனியில் சாயங்காலமானால் மாரப்பன் தோப்பில் மோட்டார் ஓடாது. எருத்தேன்பதியில் கிணற்றுத் தண்ணீரும் கரண்டும் சேர்ந்து கிடைக்கிற நேரத்தில் யாராவது மோட்டாரை நிறுத்தி வைப்பார்களா? கெட்டுத்தான் போய்விட்டது என்று அவர் மனைவி செல்வப்பிரியா நினைத்தாள். ஒருநாள் வேலியோரம் பாளை பொறுக்கப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. தேங்காய் உரிக்க வரும் பழனாளின் மகள் பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாரப்பன் மோட்டார் போட்டால் அந்த லைனில் வோல்டேஜ் இறங்கி, பழனாள் வீட்டு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் வெள்ளை வெளேரென்று எரியும்.

“அதுக்கோசரமா நிறுத்தி வெச்சீங்க?” என்று கேட்டாள்.

“மோட்டாருக்கும் ஓய்வு வேணுமல்ல” என்றார்.

பரீட்சை முடியும்வரை விடிகாலையில் எழுந்துதான் தண்ணீர் கட்டினார். பழனாளுக்கு இன்றுவரை இது தெரியாது. செல்வப்பிரியாவுக்கு அவர்மேல் இருந்த ஒரே கோபம் அதுதான். செய்ததை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சாமி கொடுத்த குணம் என்று பொறுத்துக்கொண்டாள். அதே குணம் அவரை ஒரு சபையில் தலைகுனிய வைக்கும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மாரப்பனுக்குக் கூடப்பிறந்தது ஒரே அக்கா, மருதாத்தாள். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் கௌசிகா வயதுக்கு வந்தபோதே செய்திருக்க வேண்டிய தெரட்டிச் சீர், அந்த வீட்டில் அடுத்தடுத்துச் சாவு விழுந்ததால் தள்ளித் தள்ளிப் போயிற்று. கடைசியில் பெண்ணுக்குக் கோயமுத்தூரில் காலேஜ் சீட்டுக் கிடைத்த பிறகுதான் நாள் குறித்தார்கள். அதனால் தாய்மாமன் சீரில் நகையோடு ஒரு லேப்டாப்பும் வைப்பது என்று பேச்சாயிற்று.

மாரப்பன் முதலில் செய்த காரியம், பெண்ணுக்கே போன் போட்டுக் கேட்டது. போனை அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். செல்வப்பிரியா அரிசி புடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“ஏஞ்சாமி, உனக்கு எப்படியாப்பட்டது வேணும்?”

“லேசா இருந்தாப் போதுமுங்க மாமா. ரெண்டு பஸ் மாறிப் போகோணும், பாதி நாளைக்கு நின்னுட்டேதான். கிளாசுல பிளக்கு ஒண்ணு ரெண்டுதான் இருக்குதாமா. அதனால சார்ஜு நல்லா நிக்கோணுமுங்க.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் சொன்னேன்னு அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் சொல்லிராதீங்க. பெரியப்பா ஊட்டு அண்ணன் வெச்சிருக்கறாப்பல, லைட்டெல்லாம் எரியறது, பெருசா வேணுமுன்னு சொல்லிட்டிருக்கறாங்க. நான் மாத்திச் சொன்னா வைவாங்க.”

“சொல்ல மாட்டேன் கண்ணு” என்றார் மாரப்பன்.

அடுத்த நாள் மருதாத்தாள் கூப்பிட்டாள். “மாரா, எங்க பங்காளிக அத்தன பேரும் வருவாங்க. தட்டுல வெச்சா கடைசி வரிசைல உக்காந்திருக்கறவிய கண்ணுக்கும் தெரியோணும். அக்கா சொல்றது புரியுதல்ல?”

“செரிக்கா” என்றார். அவ்வளவுதான்.

பாலக்காட்டுக் கடையில் கோகுல்நாத் என்றொரு பையன் எடுத்துக் காட்டினான். சித்தூர்ப் பக்கத்துப் பையன். முதலில் பெரியது. மூடியைத் திறந்ததும் எழுத்துக் கட்டைகளெல்லாம் சிவப்பும் நீலமுமாக மின்னின.

“மாரியம்மன் நோம்பிக்கு சீரியல் லைட்டுப் போட்டாப்பல இருக்குதுங்க” என்றாள் செல்வப்பிரியா. அவளுக்குப் பிடித்துவிட்டது.

“கேம் ஆடறவங்களுக்குச் செஞ்சதுங்க. நல்ல வேகம். ஆனா பிளக்குலயே இருக்கோணும். கழட்டுனா கொஞ்ச நேரந்தான் தாங்கும்” என்றான் பையன். அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒல்லியாக ஒன்றை எடுத்து வைத்தான். “இது ஆபீசுக்காரங்க வாங்கறது. எடை கம்மி. காத்தால சார்ஜ் போட்டா சாயங்காலம் வரைக்கும் ஓடும். ரேமும் அவங்க படிப்புக்குப் போதுமுங்க. வெலை ரெண்டும் ஏறக்கொறைய ஒண்ணுதான். பாக்கறதுக்குத்தான் ஒண்ணுமில்ல.”

மாரப்பன் செல்வப்பிரியாவின் பையை வாங்கினார். சோற்றுப் போசியும் தண்ணீர் பாட்டிலும் இருந்த அந்தப் பையில் பெரியதை வைத்துத் தோளில் மாட்டினார். இன்னொரு கையால் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் நிற்பதுபோல நின்றார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அண்ணா, பஸ் கெளம்பீருச்சுங்களா?” என்று கோகுல்நாத் சிரித்தான்.

“கெளம்பீருச்சு. வேலந்தாவளம் வாரதுக்குள்ள தோளு கழண்டிரும்போல” என்றார். அதை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறத்தை வைத்து நின்றார். “இது கோயமுத்தூரு போய்ச் சேந்திரும்.”

“வெலை ஒண்ணுன்னா பெருசையே வாங்கிருங்க. சபைல பேச்சுக் கேக்க என்னால ஆகாது” என்றாள் அவள்.

“சபையா தூக்கீட்டுப் போகுது? புள்ளதான தூக்கறா.”

அவளுக்கு மனம் ஆறவில்லை. அன்றைக்கு வாங்கவிடாமல் கூட்டி வந்து, மாரியம்மன் கோயிலில் பூக் கேட்டாள். பெரியதுக்குச் சிவப்பு, சின்னதுக்கு வெள்ளை. இரண்டையும் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, பூசாரி வீட்டுக் குழந்தையை ஒன்று எடுக்கச் சொன்னாள். வெள்ளைதான் வந்தது. மறுநாளே அவரோடு போய் அந்தச் சின்னதை வாங்கினாள். ஆத்தா சொன்ன பிறகு மனிதர்கள் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று நம்பினாள்.

மண்டபத்தில் சீர்த்தட்டுகள் வரிசையாக உள்ளே போயின. செல்வப்பிரியா இருப்பதிலேயே பெரிய பித்தளைத் தட்டாகப் பார்த்து எடுத்திருந்தாள். சுற்றிலும் பூவன் பழமும் மல்லிகைச் சரமும் அடுக்கியும், அந்தப் பெட்டி தட்டின் நடுவில் சிறுத்துத்தான் தெரிந்தது. கௌசிகாவின் அப்பா மோகனசுந்தரம் சபை நடுவிலேயே அதைப் பிரித்து, தூக்கிப் பிடித்தார்.

“ஏம் மாப்ள, இதென்ன சிலேட்டா? பல்பத்தக் காணமே?”

மண்டபம் சிரித்தது. மோகனசுந்தரத்தின் அக்காவும் விடவில்லை. “தேங்காக் கணக்கு எழுத வாங்குனது தட்டு மாறி வந்திருச்சாட்ட இருக்குது.”

“எவனோ ஆபீசுல ஓட்டிட்டு வித்ததுபோல. ஒரே ஒரு தாய்மாமன், செய்யறதப் பாருங்க” என்றார் மோகனசுந்தரம்.

“புதுசுதானுங்க, பில்லு இருக்குது. புள்ளையே...” என்று செல்வப்பிரியா ஆரம்பித்தாள். மாரப்பன் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். அவள் கௌசிகாவைப் பார்த்தாள். பட்டுச்சேலையும் மாலையுமாக மணையில் உட்கார்ந்திருந்த பெண், தலையைக் குனிந்து மாலையிலிருந்து இதழ் இதழாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ‘நான்தான் கேட்டேன்’ என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும். வரவில்லை.

மருதாத்தாள் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “எடுத்துட்டுப் போயிரு மாரா. என் மானத்த வாங்காத. நாங்களே வேற வாங்கிக்கறோம்.”

மாரப்பன் துண்டு நுனியால் மூடிமேல் இருந்த குங்குமத்தைத் துடைத்தார். பெட்டிக்குள் வைத்து மூடினார். பிறகு தாய்மாமன் செய்ய வேண்டிய மிச்சச் சடங்கு ஒன்றையும் விடவில்லை. சாப்பிடாமல் போனால் அக்காவுக்குக் கெட்ட பேர் வரும் என்று பந்தியிலும் உட்கார்ந்தார். செல்வப்பிரியாவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

திரும்பும்போது வண்டியில் அவள் அழுதாள். “சொல்லீருந்தா என்னுங்க?”

“கொழந்தகிட்டச் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டனே.”

பெட்டி பிரித்ததைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார்கள். பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். சொந்தத்தில் அவருக்குக் கஞ்ச மாமன் என்று பேராயிற்று. பொங்கலுக்கு அக்காவுக்கு அனுப்பிய சீர் தொடாமல் திரும்பி வந்தது. அன்றைக்கு அவர் வாசலில் நின்று அந்தக் கரும்புக் கட்டைப் பார்த்த பார்வையை அவள் மறக்கவில்லை. அதன் பிறகு கல்யாணம் காட்சி எதற்கும் போகாமல் தோப்பே கதி என்று கிடந்தார். அடுத்த சித்திரையில் தேங்காய்க் களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. மருதாத்தாள் வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். “எந்தம்பிகிட்ட ஒரு வார்த்த பேசாமப் போயிட்டனே” என்று அவள் கதறியதைக் கேட்டு ஊரே அழுதது. செல்வப்பிரியாவுக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

ஆத்தா கொடுத்த வெள்ளைப்பூ பொய்யில்லை என்று அவள் இன்றும் நம்புகிறாள். விளக்கு வைக்கும்போதெல்லாம், மனதிலிருக்கிற கசப்பை எடுத்துவிடு தாயே என்றுதான் கும்பிடுகிறாள். லேப்டாப் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அந்தப் பெண் வந்து கேட்டால் கொடுப்போமா மாட்டோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏனென்றால் ஒருமுறை கேட்டிருக்கிறாள். அவர் இறப்பதற்குச் சில வாரம் முன்பு, வேலந்தாவளம் சந்தையில் தேங்காய் இறக்கிவிட்டு இருவரும் வண்டியில் திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில் கௌசிகா நின்றிருந்தாள். வண்டியை நிறுத்தி மாரப்பன் இறங்கிப் போனார். பெண்ணின் தோள் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. பஸ் வந்ததும் அவளுடைய பையைத் தூக்கி உள்ளே வைத்தவர், கனம் பார்த்து அப்படியே நின்றார். அவள் வீட்டில் வாங்கிக் கொடுத்த பெரியது உள்ளே இருந்தது.

“மாமா, அந்தச் சின்னது இன்னும் இருக்குதுங்களா?” என்றாள் அவள், படியில் நின்றபடி. உடனே சுற்றும் முற்றும் பார்த்தாள். “நான் கேட்டேன்னு அம்மாகிட்டச் சொல்லிராதீங்க.”

கண்டக்டர் விசில் ஊதினார். மாரப்பன் பஸ்ஸோடு இரண்டடி நடந்தார். வண்டிக்குள்ளிருந்த செல்வப்பிரியாவுக்கு அது நன்றாகக் கேட்டது.

“அன்னைக்கும் நான் யாருகிட்டயும் சொல்லல கண்ணு. நீயும் சொல்லல.”