மாமா வைத்த மூச்சுப் பரீட்சை

எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் கோழிப்பண்ணைக்குள் போகத் தடை. நாமக்கல்லில் பிறந்துவிட்டு கோழித் தூசி ஆகாது என்றால் ஊரே சிரிக்காதா? ஒருதரம் எட்டிப் பார்த்தால் போதும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். பையில் எந்நேரமும் இன்ஹேலர். இந்த லட்சணத்தில் எனக்குப் போர் விமானம் ஓட்ட ஆசை. வீசிங் இருந்தால் விமானப்படையில் வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்று வகுப்புத் தோழி சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து அம்மாவின் தம்பி லீவில் வந்தார். விமானப்படையில் மெக்கானிக். படையே அவரைக் கேட்டுத்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். அழுதுகொண்டே கேட்டேன்.

"மாமா, என்னையச் சேத்துக்குவாங்களா?"

மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுநாள் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து ஒரு முனையில் முட்டையை வைப்பார். கை படாமல், ஊதியே மறுமுனைக்கு உருட்ட வேண்டும். ஆளுக்கொரு முட்டை. அம்மா ஊதினாள், அசையவில்லை. அப்பா கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதினார். தீவன மூட்டையைத் தனியாளாகத் தூக்குகிற மனுஷன், மூச்சு வாங்கி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பிறகு எழுந்து என் முட்டையை அவரே எடுத்து வைத்து, நிதானமாக ஊதச் சொன்னார்.

ஊதினேன். முட்டை ஓடியது. துண்டைத் தாண்டி, மேசையையும் தாண்டி, தரையில் விழுந்து உடைந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

மாமாதான் சுதாரித்துக்கொண்டார்.

"நீ ஊதுன ஊதுல மஞ்சக்கருவே பறந்துபோச்சு சாமி."

நம்பினேன். வீடே விழுந்து விழுந்து சிரித்தது, நானும் குதித்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கப்புறம் நான் கண்டதில்லை.

பிற்பாடு படை மருத்துவர்களிடம் வீசிங்கை மறைக்காமல் சொன்னேன், எடுக்கவில்லை. வீசிங் கட்டுக்குள் வந்துவிட்டதால் இன்று பயணிகள் விமானம் ஓட்டுகிறேன். சேலத்திலும் வந்து இறங்குவதுண்டு. என்னைப் படையில் எடுக்க மாட்டார்கள் என்று மாமாவுக்கு அன்றே தெரியும். பரீட்சைக்கு முதல்நாளே அப்பாவிடம் சொல்லியும் இருந்தாராம்.

அன்றைக்கு ஜெயித்த கையோடு, மறுபடி நாற்காலியில் சாய்ந்துவிட்ட அப்பாவிடம் ஓடி என் இன்ஹேலரை நீட்டினேன்.

"வெக்கப்படாதீங்கப்பா, இழுத்துக்கங்க."

அப்பா அதை வாங்கி வாயில் வைத்து இழுப்பதுபோல் செய்தார். கண் கலங்கியிருந்தது. பாவம், அப்பாவுக்கும் வீசிங் போல என்று நினைத்துக்கொண்டேன்.