இருவர் படுக்கும் டெண்ட்

மலைக்கோட்டைக்குக் கீழே, மலையேற்றச் சாமான்கள் விற்கும் கடையில் எனக்கு வேலை. பனிமலையில் தங்குவதற்கு டெண்ட் வேண்டும் என்று ஒருவர் வந்தார். தலை நரைத்தவர், சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கனத்த பனி விழுந்தால் தாங்குமா என்று கம்பிகளை வளைத்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கடைக்குள்ளேயே அதைக் கட்டத் தொடங்கினார்.

"பனிக்காத்து அடிச்சா கண்ணைத் திறக்க முடியாதுங்க," என்றார்.

கட்டி முடித்ததும், "இதுலயே ரெண்டு பேர் படுக்கிற மாதிரி கொடுங்க," என்றார்.

"கூட யார் சார் வர்றாங்க?"

"யாரும் ஒத்துக்கலைங்க. நீங்க வரீங்களா?"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டேன். அவரும் மெல்லச் சிரித்தார். பெரிய டெண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

என் பதிலுக்காகத்தான் நின்றாரோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.